‘மே’ பெருசுங்களா, ‘மஸ்ட்’ பெருசுங்களா?

போன மாதம் ஒரு மத்தியானம், வெயிலுக்குப் பயந்து அவினாசி சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தேன். அங்கே காபி என்று மட்டும் சொன்னால் கொடுத்துவிட மாட்டார்கள் போலிருக்கிறது. கல்லாவில் நின்ற பெண் ஒரு காகிதக் குவளையை எடுத்து, கறுப்பு மார்க்கரின் மூடியைப் பல்லால் கழற்றி, “மே ஐ நோ யுவர் நேம், மேம்?” என்றாள். காபி குடிக்கப் பெயர் எதற்கு என்று கேட்க நினைத்தவள் கேட்கவில்லை. அந்த ‘மே’ அவ்வளவு அழகாக விழுந்தது. மார்க்கரின் வாசனையும் அதே நேரத்தில் மூக்கில் ஏறியது. பெயரைச் சொல்லிவிட்டு, காபி வரும்வரை நான் கோயமுத்தூரில் இல்லை. மேட்டுப்பாளையம் சாலையில், பெரியநாயக்கன்பாளையத்தில், ஒரு மாடி அறையில் இருந்தேன்.

மார்க்கர் வாசனை எனக்குத் தனியாக நினைவுக்கு வராது. கூடவே பஞ்சர் ஒட்டும் ரப்பர் பசையின் வாசனையும் வரும். ஏனென்றால் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒரு பஞ்சர் கடைக்கு மேலே நடந்தது. கீழே லாரி டயரைச் சம்மட்டியால் அடிப்பார்கள்; மேலே நான் ‘ஷுட்’ என்பேன். பஸ் ஹாரன் அடித்தால் அந்த வார்த்தை போய்விடும், மறுபடி சொல்வேன். ஒரே வார்த்தையைப் பலமுறை சொல்லவைத்த அந்த ஹாரன்களுக்குத்தான் சம்பளத்தில் பாதி போயிருக்க வேண்டும்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட, ஆனால் அதில் பேசுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத காலம் அது. நான் அப்போதுதான் எம்.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். சொந்த ஊர் கொடுமுடி. ஆங்கிலக் கவிதைகளைப் பக்கம் பக்கமாக மனப்பாடமாகச் சொல்வேன், ஆனால் கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் ஒரு சோப்பு வாங்கச் சொன்னால் திணறியிருப்பேன். வயது கொஞ்சம் கூடுதலாகத் தெரியட்டும் என்று கஞ்சி போட்ட காட்டன் சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன். படியேறும்போது அது காகிதம் மாதிரி சத்தம் போடும். வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருமே என்னைவிட மூத்தவர்கள். பம்பு கம்பெனிகளிலும் லேத்துப் பட்டறைகளிலும் வேலை முடித்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் ஆறரைக்கு வந்து உட்காருவார்கள். அப்படியும் நகக்கண்ணில் எண்ணெய் இருக்கும்.

அந்தப் பயிற்சி மையத்தின் மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். “கவிதையெல்லாம் வேண்டாங்க. மோடல் வெர்ப் நடத்துங்க. கேன், குட், மே, மஸ்ட். இவங்களுக்கு அதுதான் வேணும்.” எனக்கு மனசுக்குள் கொஞ்சம் வருத்தம். அத்தனை படித்தது இந்தத் துணை வினைச்சொற்களுக்காகவா? சும்மா வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொற்கள். அவற்றை ஒரு வாரத்தில் முடித்துவிட்டுப் பெரிய விஷயங்களுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். போக முடியவில்லை. இன்றுவரை போகவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

பலகையில் கோடு போட்டுப் பிரித்து எழுதினேன். கேன் என்றால் ‘முடியும்’. மே என்றால் ‘லாம்’. மஸ்ட், ஹேவ் டு இரண்டுக்கும் ‘வேண்டும்’. வகுப்பு அதை உடனே தன் பேச்சுக்கு மாற்றிக்கொண்டது. ‘வேண்டும்’ இங்கே ‘ஓணும்’ ஆயிற்று. வுட் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், “உட்டுப்போடறதுங்களா மிஸ்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மே என்றேன். “மாசத்தைச் சொல்றீங்களா?” என்றார் அவரே. சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மாதிரிச் சிரிப்பில் கற்றுக்கொண்டது மறப்பதே இல்லை என்பது என் அனுபவம்.

அந்த வகுப்பில் முதலில் என்னை உலுக்கிய கேள்வியைக் கேட்டவர் பூங்கொடி. பக்கத்திலிருந்த ஒரு பம்பு கம்பெனியில் வைண்டிங் பிரிவில் வேலை, அதாவது மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றும் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். எப்போதும் முதல் பெஞ்சு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். “ஏனுங்க மிஸ், இங்கிலீசுல ‘ங்க’ எங்கீங்க இருக்குது?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

“நாம ‘குடுங்க’ன்னு சொல்றமுல்லீங்க. இங்கிலீசுல ‘கிவ்’ங்கறாங்க. பெரியவங்களுக்கும் அதே கிவ்வு, நாய்க்கும் அதே கிவ்வு. மரியாதைய எங்க கொண்டுபோய் வெக்கறாங்க?”

எம்.ஏ.வில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பலகையில் ‘குட் யூ’, ‘வுட் யூ’ என்று எழுதி, “இதுதாங்க அவங்க ஊர் ‘ங்க’. நாம கடைசியில வெக்கறோம், அவங்க முதல்லயே வெச்சுடறாங்க” என்றேன். வகுப்புக்கே முகம் மலர்ந்துவிட்டது. ‘ங்க’ இல்லாமல் ஆட்டுக்குட்டியைக்கூடக் கூப்பிடத் தயங்குகிற ஊர் இது. அன்றிலிருந்து ‘குட் யூ ப்ளீஸ்’ போடாமல் ஒரு வாக்கியமும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. தண்ணீர் கேட்டாலும் குட் யூ, மின்விசிறியைப் போடச் சொன்னாலும் குட் யூ.

பூங்கொடி ஏன் இங்கிலீஷ் படிக்க வந்தார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குச் சம்பள உயர்வு, வெளிநாட்டு வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று காரணங்கள் இருந்தன. இவருடைய காரணம் வேறு. அவர்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் ஆய்வாளரை அனுப்புவார்களாம். “ஒரு வெள்ளக்காரர் என்ற பக்கத்துல வந்து நின்னு, நான் சுத்துன கம்பிக் காயிலப் பாத்து என்னமோ கேட்டாருங்க. எங்க கம்பெனி மேனேஜர் பதில் சொன்னாரு. அவரும் தலையாட்டிட்டுப் போயிட்டாரு. நான் செஞ்சதுக்கு நாந்தானுங்களே பதில் சொல்லோணும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு முறைகேட்டைச் சரி செய்ய வந்தவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

இன்னொருவர், சின்னதாக ஒரு வார்ப்படப் பட்டறை வைத்திருந்த பவுண்டரிக்காரர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், வெளிநாட்டுப் போனில் மட்டும் ஆங்கிலம். அவருக்கு மஸ்ட் மீது தீராத ஆசை. “அதுலதானுங்க அம்மணி ஒரு கெத்து இருக்குது” என்பார். போனில் யாரிடமோ, “யூ மஸ்ட் கம் டு மை ஃபேக்டரி!” என்று கத்தியதாகப் பெருமையாகச் சொன்னார். அது கட்டளை மாதிரி இருக்கும், அப்படிச் சொல்லக்கூடாது என்று திருத்தினேன். அந்த வாடிக்கையாளரோ மனசு குளிர்ந்துபோய், அடுத்த மாதமே நேரில் வந்து, அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டும் போனார். ‘நீங்க வந்தே ஆகோணும்’ என்று அழைப்பது இங்கே எப்படி அன்போ அங்கேயும் அப்படித்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பவுண்டரிக்காரர் பெருந்தன்மையாக அதைப்பற்றிப் பிறகு பேசவில்லை. பேசாமலே சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பூங்கொடி சில நாட்கள் வகுப்புக்கு வரவில்லை. அவர் கணவர் சிவக்குமார் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தகடு அழுத்தும் இயந்திரம். அதில் அவருடைய வலது கை மாட்டி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன என்று அவர் தெருக்காரர் ஒருவர் வந்து சொன்னார். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, கிழிந்த ரத்தக்குழாய்களையெல்லாம் தைத்திருக்கிறார்களாம். வகுப்பில் சிலர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பாதிப்பேர் பகல் முழுக்க அதே மாதிரி இயந்திரங்களுக்குள் கையை விட்டு எடுப்பவர்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. பூங்கொடி.

“டீச்சர்” என்றார். எப்போதும் மிஸ் என்பவர் அன்றைக்கு டீச்சர் என்றார். “ஒரே ஒரு சந்தேகமுங்க. ‘மே’யும் ‘ஹேவ் டு’வும் சேந்து வந்தா, எதுங்க பெருசு?”

பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்டது. என்ன நடந்தது என்று கேட்டேன். மூச்சு வாங்கச் சொன்னார். டாக்டர் கல்கத்தாப் பக்கத்துக்காரர், இளைஞர். தமிழில் ‘வலிக்குதா’ தவிர ஒன்றும் தெரியாது. அன்று சாயங்காலம் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீட்டார் எல்லோரையும் பார்த்து, “வீ மே ஹேவ் டு ரிமூவ் த ஃபிங்கர்ஸ்” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பூங்கொடியின் அண்ணன் மாணிக்கத்துக்கு அதில் ‘ரிமூவ்’ மட்டும்தான் காதில் விழுந்தது. விரலை வெட்டப்போகிறார்கள் என்று ஒரே கூச்சல். எலும்புக்குக் கட்டுப்போடும் வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய்விடுவோம் என்று வாடகைக் கார்கூடப் பிடித்து வாசலில் நிறுத்திவிட்டாராம். தைத்த குழாயில் ரத்தம் ஓடுகிறதா என்று மணிக்கு ஒருதரம் பார்த்துக்கொண்டிருக்கும் கை. அதைத் தூக்கிக்கொண்டு காரில் போவதாவது!

“எல்லாரும் வெட்டப்போறாங்கன்னே சொல்றாங்க. ஆனா டாக்டரு ‘மே’ன்னு சொன்னாருங்க டீச்சர். என்ற காதுல நல்லா உழுந்துச்சு. அப்பறம் ‘ஹேவ் டு’ன்னும் சொன்னாரு. நீங்க மே தனியா, ஹேவ் டு தனியாத்தானுங்களே எழுதிப்போட்டீங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா என்னன்னு சொல்லவே இல்லீங்களே?”

உண்மைதான். கோடு போட்டு நான் பிரித்த சொற்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றாகக் கைகோத்து வந்துவிட்டன. ஆனால் பதில் தெரிந்திருந்தது. தமிழே சொல்லிக் கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“பூங்கொடி, தமிழ்ல திருப்பிப் போட்டுப் பாருங்க. ‘வெட்ட வேண்டி வரலாம்’. நம்ம வாக்கியத்துல கடைசீல வர்ற ‘லாம்’தான் அங்க முதல்ல ‘மே’ன்னு வருது. மே முன்னாடி நின்னா மேதான் பெருசு. இன்னும் முடிவு பண்ணலைன்னு அர்த்தம்.”

“நெசமாலுமுங்களா?” என்றார்.

“நெசம்தான். ஆனா நான் சொல்றத நம்பாதீங்க. டாக்டரையே கேளுங்க. மேயா, மஸ்டான்னு கேளுங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

போனை வைக்கவில்லை அவர். கையில் பிடித்தபடியே நடந்தார். நான் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தேன். வகுப்பு மொத்தமும் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது. பவுண்டரிக்காரர் சன்னலிலிருந்து எட்டி, கீழே பஞ்சர் கடைக்காரரிடம், “ஏனுங்க, கொஞ்ச நேரம் அடிக்காதீங்க!” என்று கத்தினார். சம்மட்டிச் சத்தம் நின்றது.

செருப்புச் சத்தம். ஏதோ கதவு. அப்புறம் பூங்கொடியின் குரல், வகுப்பில் கேட்டதைவிடச் சின்னதாக.

“சார். குட் யூ ப்ளீஸ் டெல் மீ. மை ஹஸ்பண்ட் ஃபிங்கர். மே ரிமூவ்? ஆர்... மஸ்ட் ரிமூவ்?”

அந்த இடைவெளியில் ஒரு பஸ் போய் முடிந்தது. பிறகு டாக்டரின் குரல். அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“மே. நாட் மஸ்ட். வீ ஷுட் வெயிட். ஐ கேன் ஸீ சம் பிளட் கமிங். பட் யூ மஸ்ட் நாட் டேக் ஹிம் அவே. ஓகே?”

“மஸ்ட் நாட்டுன்னா கூடாதுன்னு அர்த்தம்! கொண்டுபோகக் கூடாதுங்கறாரு!” என்று பவுண்டரிக்காரர் போனைப் பார்த்துக் கத்தினார். அது பூங்கொடிக்கு நன்றாகவே தெரியும். அவர் ஏற்கெனவே அண்ணனிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

“அண்ணா, வண்டிய அனுப்பிப்போடுங்ணா.”

“உனக்கு என்ன அம்மணி தெரியும்? வெட்டறேன்னு அவரு வாயாலயே சொல்லிப்போட்டாரு.”

“வெட்டறேன்னு சொல்லுலீங்ணா. வெட்ட வேண்டி வரலாம்னுதான் சொன்னாரு. ‘லாம்’தானுங்ணா. ‘ஓணும்’ இல்லீங்ணா. ரத்தம் வருதாமா. இப்பத் தூக்கிட்டுப் போனாத்தான் வெரலு போயிரும்.”

அண்ணன் என்னவோ முணுமுணுத்தார், கேட்கவில்லை. அப்புறம் பூங்கொடியின் குரல் மறுபடி, அழுத்தமாக: “நானே கேட்டனுங்ணா. இங்கிலீசுல கேட்டன். அவரு என்னப் பாத்துத்தான் பதில் சொன்னாரு.”

அத்தோடு போன் கட்டாகிவிட்டது. காசு தீர்ந்திருக்கும். மேசையைச் சுற்றி நின்ற யாரும் நகரவில்லை. கீழே பஞ்சர் கடைக்காரர், “அடிக்கலாமுங்களா?” என்று குரல் கொடுத்தார். யாரோ, “லாமுங்க!” என்றார்கள். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

பவுண்டரிக்காரர் என்னைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாணிக்கம் வாசலில் நின்றிருந்தார், வாடகைக் கார் இல்லை. எங்களைக் கண்டதும், “வாங்க டீச்சரம்மா, காப்பி சாப்பிடறீங்களா?” என்றார். இந்த ஊரில் ஒருவர் சண்டையை விட்டுவிட்டேன் என்று சொல்லும் விதம் அது. டாக்டரையும் பார்த்தேன். களைத்துப்போன, மீசை சரியாக முளைக்காத முகம். இத்தனை நாளில் நோயாளியின் வீட்டார் யாரும் தன்னிடம் இலக்கணம் கேட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தார். இனிமேல் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லப்போவதாகவும் சொன்னார்.

விரல்கள் என்ன ஆயின என்பதைத்தானே கேட்கிறீர்கள்? சில நாட்கள் கறுத்தும் நீலம் பாரித்தும் கிடந்தன. பூங்கொடி விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். நடுவிரல் மெல்லச் சிவந்தது. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் திரும்பி வரவில்லை. முதல் கணுவரை எடுக்க வேண்டியிருந்தது. அவர் மறுபடி வகுப்புக்கு வந்த அன்று, முதல் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் பாணியில் நிதானமாகச் சொன்னார்.

“ஆள்காட்டி வெரலுக்கு மஸ்ட் ஆயிருச்சுங்க. நடுவெரலுக்கு வெறும் மேவோட போச்சுங்க.”

மோடல் வெர்புக்கு இதைவிட நல்ல உதாரண வாக்கியத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அன்றைக்கு அதைப் பலகையில் எழுதத் தோன்றியது. எழுதவில்லை. ஒரு விரலைக் கொடுத்து வாங்கிய வாக்கியத்தை உதாரணமாக்க மனசு வரவில்லை.

சிவக்குமார் பிரஸ்ஸுக்குத் திரும்பவில்லை. கை தேறியதும் சரக்கு ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். ஸ்டியரிங்குக்கு அந்த ஒரு கணு தேவைப்படவில்லை. நான் வகுப்பில் கோடு போடுவதை விட்டுவிட்டேன். மே ஹேவ் டு, ஷுட் பி ஏபிள் டு, மஸ்ட் நாட், நீட் நாட் என்று சொற்களைச் சேர்த்தே சொல்லிக் கொடுத்தேன். அவை வாழ்க்கையில் தனித்தனியாக வருவதில்லையே.

பூங்கொடிக்கும் அவர் காத்திருந்த நாள் வந்தது. ஆய்வாளர் ஒருவர் மறுபடி வைண்டிங் பிரிவுக்கு வந்தார். இந்த முறை ஒரு பெண். பூங்கொடி சுற்றிக்கொண்டிருந்த காயிலைப் பார்த்து, இதை இன்னும் வேகமாகச் செய்ய முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் பூங்கொடி பேசிவிட்டார்.

“ஐ கேன், மேடம். பட் ஐ ஷுட் நாட்.”

ஏன் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். வேகமாகச் சுற்றினால் கம்பியின் மேல்பூச்சு உரசிப் போகும், மோட்டார் சீக்கிரம் புகையும் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் விளக்கியிருக்கிறார். ஆய்வாளர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். “என்றகூட உக்காந்து பேசினாங்க மிஸ். சும்மா தலையாட்டிட்டுப் போகுல” என்று சொன்னபோது பூங்கொடியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பிறகு சில வருடங்களில் அவரே அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர் ஆனார். இப்போது போனில் பேசினாலும், முதல் வார்த்தை குட் யூதான்.

இன்று யாருக்கும் அப்படிப்பட்ட சந்தேகம் வருவதில்லை. வந்தாலும் செல்போனிடம் கேட்டுவிடுகிறார்கள். அது ‘வெட்ட வேண்டி வரலாம்’ என்று ஒரு நொடியில், பிழையில்லாமல், பதறாமல் சொல்லிவிடும். நல்லதுதான். அந்தச் சாயங்காலம் அப்படி ஒன்று இருந்திருந்தால் பூங்கொடிக்கு அத்தனை பயம் இருந்திருக்காது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் கட்டடம்தான் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது முன்பாதி போயிற்று. பிறகு மேம்பாலம் வந்தபோது மிச்சமும் போயிற்று. பஞ்சர் கடைக்காரர் வேறெங்கோ போய்விட்டார், பவுண்டரிக்காரர் பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அந்தப் பாலத்தின்மேல் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். பாலம் ஏறத்தாழ எங்கள் மாடியின் உயரத்திலேயே ஓடுகிறது. பஸ் சன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், வெறும் காற்றாக இருக்கிறது அந்த அறை. ஒருத்தி தப்பும் தவறுமாய்க் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்விக்காக, ஒரு வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம். ஒரு நொடிதான். பஸ் தாண்டிவிடுகிறது.